பூட்டுப் போட்ட படம்

— சுண்டுவிரல்தான் போனது, றஞ்சித். இன்னும் ஒன்பது கிடக்கு. விளங்குதோ?

— கோபியண்ணை, ஒரு துணி தாங்கோ. ரத்தம் நிக்குதில்லை. சத்தியமாய், ஆரும் கொப்பி எடுக்கக்கூடாதெண்டு உங்கடை படத்துக்குப் போட்ட பூட்டை நான் உடைக்கேல்லை.

— மருதனார்மடச் சந்தியிலை பென்ட்ரைவிலை படம் ஏத்திக் குடுக்கிற கடை உன்ரை ஒண்டுதான். என்ரை படம் இன்ரநெற்றிலை வந்து மூண்டாம் நாள் நீ நூறு ரூபாய்க்கு வித்தனி. ஓமோ, இல்லையோ?

— ஓம், வித்தனான். ஆனால் ஆரோ இன்ரநெற்றிலை விட்டதைத்தான் இறக்கினனான், எனக்கு வரேக்கையே அதிலை பூட்டில்லை. பூட்டுடைக்கத் தெரிஞ்சவன் இந்தத் தகரக் கடையிலை ஏன் குந்தியிருக்கிறான்?

— அண்ணை, உவனோடை என்ன கதை? கெதியாய் முடிப்பம். சந்தைச் சனம் வரத் தொடங்கீட்டுது. ஷட்டரைத் தட்டப்போகினம்.

— பொறு பார்த்தீபன். நீ படத்திலைதான் வில்லன்.

— வாளைக் கையிலை தந்தது நீங்கள். பிறகு பொறு எண்டால் எப்பிடி அண்ணை?

— கோபியண்ணை, ஒண்டு கேக்கிறன். ஒருக்காப் பாக்க ஆயிரத்தைஞ்ஞூறு எண்டு விலை வைச்சது ஆர்?

— நான்தான். கொக்குவில் வளவை வித்து எடுத்த படமடா. வெளிநாட்டிலை இருக்கிறவைக்கு அது ஒரு தேத்தண்ணிக் காசு.

— இஞ்சை அது அரைநாள் கூலியண்ணை.

— கதையை மாத்தாதை. பூட்டைச் செய்தவள் தனுசியா எண்டு சுவிசிலை இருக்கிற பிள்ளை. ஒவ்வொரு கொப்பிக்குள்ளையும் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நம்பர் வைச்சிருக்கிறாள். நீ வித்த கொப்பியை அவளுக்கு அனுப்பீட்டன். அது ஆருக்குக் குடுத்த கொப்பி எண்டு பாத்துச் சொல்லுவாள். விளங்குதோ?

— அப்ப அவள் சொல்லுமட்டும் மற்ற விரலுகளை விடுங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.

— அவள் சொன்னால் என்ன, சொல்லாட்டி என்ன? பெருவிரலையும் எடுத்தால் உவன் இனி மவுஸ் பிடிக்கமாட்டான். வெட்டட்டோ அண்ணை?

— ஐயோ, கோபியண்ணை, இறுக்கிறான், கை முறியப்போகுது.

— நில்லடா. மெசேஜ் வந்திருக்கு. தனுசியாதான்.

— என்னவாம் அண்ணை?

— “நம்பரைப் பாத்திட்டன். உவன்தான் அண்ணை. தனியப் போய் எனக்கு ஒரு ஃபோன் கோல் எடுங்கோ.” கேட்டியோ றஞ்சித்? உவன்தானாம். பார்த்தீபன், போடு.

— கோபியண்ணை, வெட்ட முதல் ஒண்டு. நான் உங்களுக்கு முன்னாலை இருக்கிறது அவளுக்குத் தெரியுமோ?

— தெரியாது. தெரிஞ்சால் ஏசுவாள். பார்த்தீபனும் நானும் என்ரை வீட்டிலை இருக்கிறம் எண்டுதான் சொன்னனான்.

— அப்ப எங்கையோ இருக்கிற என்னை அவள் ‘அவன்’ எண்டெல்லோ எழுதுவாள்? ‘உவன்’ எண்டால் உங்களுக்குப் பக்கத்திலை நிக்கிறவன். அதுதான் பேரும் போடேல்லை, தனியப் போகவும் சொல்லுறாள்.

— பார்த்தீபன்.

— சொல்லுங்கோ அண்ணை.

— நடிச்சதுக்கு உனக்கு ஒரு கொப்பி தந்தனான். பூட்டில்லாத கொப்பி. அதை என்ன செய்தனி?

— கெதியாய் முடிப்பம் எண்டு சொல்லச் சொல்ல நீங்கள் கேக்கேல்லை.

— என்ன செய்தனி எண்டு கேட்டனான்.

— ரண்டு வருசம் உங்கடை படத்துக்கு உருண்டு பிரண்டு அடி வாங்கினன். மானிப்பாயிலை எங்கடை ஒழுங்கையிலை ஒரு வீட்டிலை பாத்தவையோ? ஆயிரத்தைஞ்ஞூறு குடுத்து என்ரை முகத்தை ஆர் அண்ணை பாக்கிறது? அதுதான் இன்ரநெற்றிலை விட்டனான். நூறு ரூபாய்க்கு வந்த பிறகுதான் பஸ்ஸிலை என்னைக் கண்டு ஒரு பெடியன் பயந்து எழும்பி சீற் தந்தவன்.

— சரி, விளங்குது. வாளைக் கீழை வை. வெளியிலை போய்க் கதைப்பம்.

— றஞ்சித், நீ எழும்பி ஆஸ்பத்திரிக்குப் போ. அந்தக் கதிரையிலை இனி அண்ணை இருக்கட்டும்.