போதகர் உட்காரவில்லை

— இன்று இந்தத் துணிக்கடையில் வரலாறு எழுந்து நிற்கிறது, மகளே!

— இப்பத்தான் எழுந்திருச்சுதா போதகரய்யா? நான் இந்தக் கவுண்டருக்குப் பின்னாடி பதினோரு வருஷமா நிக்கிறேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சட்டைத்துணி எடுக்கணும்.

— விற்பனைப் பெண்கள் ஏழு பேருக்கும் ஸ்டூல் கிடைக்கும்வரை நானும் உட்காரேன். பிரார்த்தனைக் கூடத்தில் எல்லார் முன்னும் சத்தியம் செய்தேன் அல்லவா?

— செஞ்சீங்க. அதை நம்பித்தான் முதலாளிகிட்ட மனு கொடுத்தேன். முதல் கையெழுத்து என்னோடது. நீங்க பாதியில உட்கார்ந்தா நாளையில இருந்து எனக்கு வேலை கிடையாது. மறந்துடாதீங்க.

— அஞ்சாதே! மகான்கள் மலையுச்சியில் நாற்பது நாள் நின்றே பிரார்த்தித்திருக்கிறார்கள். மணி என்ன?

— பத்து இருபது. நீங்க வந்து இருபது நிமிஷம் ஆச்சு.

— இருபதுதானா? அந்தக் கடிகாரம் ஓடுகிறதா?

— நல்லாவே ஓடுது. ஐயா, சுவத்துல சாயக்கூடாது. எங்களுக்கு அதுக்கும் அனுமதி இல்ல.

— சாயவில்லை மகளே. சுவருக்கு ஆசீர்வாதம் வழங்கினேன்.

— முதுகாலயா?

— வழங்கும் முறைகள் பல. இப்போது மணி?

— பத்து இருபத்தொண்ணு.

— ஆண்டவரே!

— இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா ஓடாதுய்யா. நான் துணி மடிக்கிறேன், நீங்க பாட்டு எதையாவது முணுமுணுங்க... அதோ, நீங்க பாடிப் பாடியே மணி பன்னெண்டு ஆயிடுச்சு பாத்தீங்களா? வாசல்ல உங்க ஜனம் பூரா திரண்டு நிக்குது. செல்போன்ல படம் வேற பிடிக்கிறாங்க. சிரிங்க.

— சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

— அதுவா சிரிப்பு? ஐயோ, முதலாளி வர்றார். கையில நாற்காலி!

— போதகரய்யா! என் கடையில நீங்க நிக்கிறதா? முன்வரிசையில உட்கார்ந்து உங்க பிரசங்கம் கேக்கிறவன் நான். கல்லாவுல இருந்த என் சொந்த நாற்காலி இது. மெத்தை வச்சது. உட்காருங்க.

— சகோதரரே, இந்தப் பெண்கள்...

— இவங்களை விடுங்க, நின்னு பழக்கம். உங்களுக்கு வேர்த்துக் கொட்டுதே!

— ஐயா, அந்த மெத்தையைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க.

— உன்னைத்தான் பார்க்கிறேன் மகளே.

— கண்ணு இங்க இல்லையே!

— எனக்காக ஒரே ஒரு நிமிஷம் என் நாற்காலியில உட்காருங்கய்யா. வெளியில எல்லாரும் என்னைக் கொலைகாரனைப் பாக்கிற மாதிரி பாக்கிறாங்க.

— என்னால்... உட்கார முடியாது!

— கேட்டீங்களா முதலாளி? முடியாதுன்னுட்டார்! வாசல்ல கைதட்டல் காதைப் பிளக்குது!

— ஐயா, தோளைப் பிடிச்சு நானே உட்கார வைக்கிறேனே...

— தொடாதீர்கள் சகோதரரே! ஐயோ, தொடாதீர்கள் என்கிறேன்!

— அடக் கடவுளே, அழுறாரே! அதையும் படம் பிடிக்கிறாங்களே! போதும், போதும், நான் தோத்தேன். குடோன்ல கிடக்கிற ஸ்டூலை எல்லாம் எடுத்துட்டு வாங்கம்மா. உட்காருங்க! தினமும் உட்காருங்க! எங்க அந்த மனு? இந்தா, கையெழுத்து.

— போட்டுட்டார்! ஐயா, போட்டுட்டார்! ஏழு பேரும் உட்கார்ந்தாச்சு, இதோ பாருங்க, காலை ஆட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்! வாசல்ல உங்களை மகான்னு கும்பிடுறாங்க. சத்தியம் நிறைவேறிடுச்சுல்ல, இனியாவது உட்காருங்க.

— மகளே, கிட்ட வா. சத்தம் போடாதே. நாற்காலி வந்ததுமே உட்காரத்தான் பார்த்தேன். ரெண்டு முட்டியும் மடங்க மாட்டேங்குது.