பாபாந்த்லாவுக்கு எந்தப் பக்கம்?

மக்லோவியா: நிறுத்தாதே. யார்கிட்டயும் வழி கேக்காதே. சொல்லிட்டேன்...

எவோதியோ: வேகத்தடை வருது புள்ள, நிறுத்தாம எப்படி? போன வாரம் நிறுத்தாமப் போனதுல பீன்ஸ் சட்டி மொத்தமும் வண்டிக்குள்ள இருக்குற கட்டில்ல கவுந்துச்சு.

மக்லோவியா: என் தலையணையில இன்னும் அந்த வாசம்தான். சரி, மெதுவாப் போ. ஆனா வாயைத் திறக்க—

எவோதியோ: இளநீர்க்காரம்மா! பாபாந்த்லாவுக்கு எந்தப் பக்கம்?

மக்லோவியா: பாத்தியா!

இளநீர்க்காரி: அட, மறுபடியும் நீங்களா! காலையிலேருந்து மூணாவது தடவை.

மக்லோவியா: முதல்ல வலதுன்னீங்க, சோளக்காட்டுல போய் முட்டினோம். அப்புறம் இடதுன்னீங்க, யாரோட மாட்டுத் தொழுவத்துலயோ போய் நின்னோம்.

இளநீர்க்காரி: அப்போ நேராத்தான் இருக்கணும். நேராப் போங்க... போய்க்கிட்டே இருங்க.

மக்லோவியா: நீங்க பாபாந்த்லா போயிருக்கீங்களா?

இளநீர்க்காரி: நானா? இந்த ஊரைத் தாண்டினதே இல்ல தாயீ.

மக்லோவியா: தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமே!

இளநீர்க்காரி: நம்பி வண்டியை நிறுத்திக் கேக்குறவங்களை, தெரியாதுன்னு சொல்லி வெறுங்கையோடயா அனுப்புறது? நல்லா இருக்கே உங்க நியாயம்! இந்தாங்க, ஆளுக்கொரு இளநீர்.

எவோதியோ: நல்ல மனசும்மா உங்களுக்கு. வரட்டுமா?

இளநீர்க்காரி: வாங்க, வாங்க. சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்.

மக்லோவியா: சிரிக்காதேய்யா. நீ இந்த நாட்டுலதானே பொறந்தே? நம்ம ஆளுங்ககிட்ட வழி கேட்டா தெரியலைன்னாலும் கையை நீட்டுவாங்கன்னு உனக்குத் தெரியாது?

எவோதியோ: தெரியும்... ஆனா...

மக்லோவியா: போனைப் பாத்துப் போயிருக்கலாம். அதையும் தொலைச்சுட்டு நிக்குறே. இருட்டுறதுக்குள்ள வண்டி பாபாந்த்லாவுல எங்கண்ணன் வாசல்ல நிக்கணும். ஒரு மாசம்னு கேட்டு வாங்கினோம், மாசம் இன்னையோட முடியுது.

எவோதியோ: வண்டி கைக்கு வந்ததும் உங்கண்ணன் என்ன பண்ணப் போறான் தெரியுமா? கட்டிலைக் கழட்டிப்புட்டு கோழிக்கூண்டு அடுக்கப் போறான். நீ தச்ச மஞ்சத் திரைக்குப் பின்னால முந்நூறு கோழி!

மக்லோவியா: அவன் வண்டி, அவன் கோழி. நமக்கென்ன?

எவோதியோ: உனக்கு ஒண்ணுமே இல்லையா?

மக்லோவியா: ரோட்டைப் பாரு.

எவோதியோ: மக்லோ... ஒண்ணு சொல்லவா? கோவப்படக் கூடாது.

மக்லோவியா: எப்பவும் படுறதுதானே. சொல்லு.

எவோதியோ: எனக்கு வழி தெரியும்.

மக்லோவியா: ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்லு.

எவோதியோ: தொலைஞ்சு போறதுக்குத்தான் கண்டவங்ககிட்டயும் வழி கேட்டேன். போனும் தொலையல, அரிசி டப்பாவுல நான்தான் ஒளிச்சு வச்சேன். இந்த ஒரு மாசத்துல நீ சிரிச்ச மாதிரி இருபது வருஷத்துல சிரிச்சதில்ல புள்ள. வீட்டுக்குப் போனா நான் கடையில, நீ அடுப்படியில... எனக்குப் போக மனசில்ல.

மக்லோவியா: எனக்குத் தெரியும்.

எவோதியோ: எது?

மக்லோவியா: எல்லாமும். பாபாந்த்லா கோயில்ல எனக்கு மோதிரம் போட்டவனுக்கு பாபாந்த்லாவுக்கு வழி தெரியாதா?

எவோதியோ: அப்புறம் ஏன்டி காலையிலேருந்து என்னை அந்த வாங்கு வாங்குனே?

மக்லோவியா: நான் திட்டலேன்னா உனக்குச் சந்தேகம் வரும். பயந்துபோய் சரியான ரோட்டைப் பிடிச்சிருவே.

எவோதியோ: அடிப்பாவி! ஆனா உங்கண்ணன் அங்க வாசல்லயே காத்துக்கிட்டு இருப்பானே...

மக்லோவியா: இருக்க மாட்டான். நேத்தே அரிசி டப்பாவுலேருந்து போனை எடுத்துப் பேசிட்டேன்.

எவோதியோ: என்னன்னு?

மக்லோவியா: வண்டி பள்ளத்துல எறங்கிருச்சு, உனக்குக் கால் ஒடிஞ்சிருச்சு, ரெண்டு மாசம் அசையக் கூடாதுன்னு. அவன் போன்லயே அழுதுட்டான்யா... அதனால இப்போலேருந்தே இடது காலை நொண்டிப் பழகு.