ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க

நியாயமான கேள்விதான் டாக்டர். உங்க இடத்துல நான் இருந்தா நானும் இதைத்தான் கேட்டிருப்பேன். சாப்பாட்டு மேசையில உக்காந்திருந்த மனுஷன் சாஞ்சுட்டார், வீடு நிறைய ஆள் இருக்காங்க, எல்லாரும் படிச்சவங்க, ஆனா உங்களுக்குப் போன் வந்தது ரொம்ப நேரம் கழிச்சு. ஏன்னு கேட்டா என் தம்பி மக, நாங்க சிரிச்சுக்கிட்டு இருந்தோம் டாக்டர்னு சொல்லிட்டு விம்மி விம்மி அழறா. யாரா இருந்தாலும் புருவத்தைத் தூக்கத்தான் செய்வாங்க. அதனாலதான் உங்களை இந்த ரூமுக்குக் கூட்டிக்கிட்டு வந்து கதவைச் சாத்தினேன். உக்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

எங்கப்பாவுக்குச் செத்துப் போற பழக்கம் உண்டு.

எனக்கு ஒண்ணும் ஆகல, நிதானமாத்தான் பேசறேன். உங்களுக்கு இது புரியலைன்னா வெளியில அழறவளுக்கு நீங்க ஆறுதலும் சொல்ல முடியாது, எங்களை நம்பவும் முடியாது. அதனால கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க.

அப்பா மெத்தைக் கடையில விற்பனையாளரா இருந்தார். அந்த ஒரே கடையில, ரிட்டயர் ஆகற வரைக்கும். வர்றவங்ககிட்ட மெத்தையைப் பத்திப் பேசவே மாட்டாராம். அதுல படுத்துக் கண்ணை மூடிக்குவாராம், அவ்வளவுதான். வந்தவங்க நின்னு பாத்துட்டு, பில் போடுங்கன்னுடுவாங்களாம். அந்த வித்தையை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டார்.

முதல் தடவை எனக்கு ஆறு வயசு. அம்மா அன்னைக்கு குழம்பை நல்லாவே அடிபிடிக்க விட்டுட்டாங்க. அப்பா ஒரு வாய் வெச்சார், கை தட்டுலயே விழுந்துச்சு, தலை தொங்கிப் போச்சு. நான் கத்தின கத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. அம்மா திரும்பிக்கூடப் பாக்கல. பாத்திரத்தைச் சுரண்டிக்கிட்டே, பாவம், கல்யாணமான நாள்லேருந்து என் சமையலை ஒரு வார்த்தை குறை சொல்லாத மனுஷன், இப்படிப் போயிட்டாரேன்னாங்க. அப்பாவுக்கு ஒரு கண்ணு திறந்துச்சு. இன்னொரு தடவை சொல்லுங்கறார்.

அன்னைக்கு வந்ததுதான் இந்தச் சட்டம். அப்பா செத்துட்டா யாராவது அவரைப் பாராட்டணும். பாராட்டு மனசுக்குப் பிடிச்சா எழுந்திருப்பார், பிடிக்கலைன்னா அப்படியே கிடப்பார். இதுல கண்டிப்பு வேற. நல்லவர், வல்லவர், தங்கமான மனுஷர்னு பொதுவாச் சொன்னா செல்லாது. அதெல்லாம் ஊர்ல எல்லாருக்கும் சொல்றதாம். இன்ன நாள், இன்ன காரியம், இப்படிச் செஞ்சார்னு இருக்கணும். நிஜமாவும் இருக்கணும். பொய் சொன்னா செத்த நிலையிலேயே தலையை ஆட்டுவார்.

சிரிங்க, தப்பில்ல. பக்கத்து ரூம்லதான் படுத்திருக்கார், அவர் வீட்டுல யாரும் சிரிப்பை அடக்கினது கிடையாது.

கடையிலயும் செத்திருக்கார். முதலாளி ஒரு நாள், இந்த மாசம் விற்பனை ஏன் படுத்துப் போச்சுன்னு கேட்டிருக்கார். அப்பா பக்கத்துல இருந்த டபுள் மெத்தையில மல்லாந்துட்டார். சுத்தி வாடிக்கையாளருங்க. முதலாளிக்கு என்ன பண்றதுன்னு தெரியல, ஒரு நாளும் லேட்டா வராத ஊழியர்னு ஆரம்பிச்சாராம். மெத்தைமேல தலை இப்படி அப்படி ஆடுச்சாம். கடைசியில கல்லாவுல வேலை பாத்த ஒரு பொம்பளைதான், மெத்தை சரியில்லைன்னு திருப்பிக் கொண்டு வர்ற வயசானவங்க பக்கத்துல உக்காந்து, எங்க வலிக்குதுன்னு கேக்கற ஒரே ஆள் இவர்தான் சார்னு சொன்னாங்களாம். எழுந்து சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு வேலையைப் பாக்கப் போயிட்டார்.

என் வீட்டுக்காரர் கதையைச் சொல்லலைன்னா இது முழுசாகாது. அப்ப அவர் வீட்டுக்காரர் ஆகல. கணக்கு வாத்தியார். என்னைக் கட்டிக்கறேன்னு கேக்க முதல் முதலா வீட்டுக்கு வர்றார். நான் ஆஸ்பத்திரியில டியூட்டியில இருக்கேன். ஆமா, நர்ஸ், கடைசியில ஹெட் நர்ஸா ரிட்டயர் ஆனேன். அப்பா அவர்கிட்ட, ஓய்வு நேரத்துல என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கார். இவர், கணக்குப் போடுவேன்னு சொல்லியிருக்கார். அப்பா சோபாவுலேருந்து வழிஞ்சு தரைக்கு வந்துட்டார்.

இவருக்குப் பேயறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அம்மா உள்ளேருந்து, பயப்படாதீங்க தம்பி, அவரைப் பத்தி நல்லதா ஏதாவது சொல்லுங்கங்கறாங்க. இந்த வீட்டுல செத்த உடனே இரங்கல் கூட்டம் நடத்துவாங்க போலன்னு நினைச்சாராம். ஓடிப் போய் பக்கத்து வீட்டுல போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டார். திரும்பி வந்து அப்பா காலடியில உக்காந்து, வாசல்ல நான் நடுங்கிக்கிட்டு நின்னப்ப, நானும் பொண்ணு கேட்டுப் போன அன்னைக்கு இப்படித்தான் நடுங்கினேன், உள்ள வாங்கன்னு சொன்னாரேன்னு முணுமுணுத்திருக்கார். அப்பா எழுந்து கை குடுத்தாராம். அங்க எங்க ஆஸ்பத்திரியில வண்டி கிளம்புது, விலாசத்தைப் பாத்தா எங்க வீடு. யூனிஃபார்மோட தாவி ஏறி வந்து நிக்கறேன், ரெண்டு பேரும் சீட்டு ஆடிக்கிட்டு இருக்காங்க.

அன்னைக்கு நான் பேசின பேச்சு இன்னும் அந்தச் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கப்புறம் அந்த விளையாட்டுக்கே நான் போனதில்ல. பொழுதன்னைக்கும் நிஜச் சாவைப் பாத்துட்டு வர்றவளுக்கு வீட்டுல பொய்ச் சாவு எதுக்கு? எல்லாரும் சுத்தி நின்னு பாராட்டிக்கிட்டு இருப்பாங்க, நான் நடுவுல போய், காபி ஆறுது, எழுந்திருங்கன்னு சொல்லுவேன். எழுந்துருவார். பாராட்டே இல்லாம அவரை எழுப்ப முடிஞ்சது என்னால மட்டும்தான். அதுல எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

தெரியும்மா, இதயம் பலவீனம்தான். பெரிய டாக்டர் எல்லாம் விளக்கமாச் சொன்னார். ஆபரேஷன் வேண்டாம், நெஞ்சை அழுத்தறதும் குழாய் போடறதும் வேண்டாம்னு அப்பா தெளிவாச் சொல்லிட்டார், நானும் பக்கத்துல இருந்து கேட்டேன். அந்தக் காகிதம் உங்க கிளினிக்லயே இருக்கு. இந்த வயசுல இந்தக் கூத்தையாவது விடுங்கப்பான்னு கெஞ்சினேன். இப்பத்தான்ம்மா நடிப்புல உயிர் இருக்குங்கறார். தொண்ணூத்தி ஒரு வயசு மனுஷனை என்னன்னு அடக்கறது?

இன்னைக்கு விஷயத்துக்கு வரேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டு முடிச்சாச்சு. அப்பா பேத்தியோட பொண்ணுக்கு ஆரஞ்சு உரிச்சுக் குடுத்துக்கிட்டு இருந்தார். அஞ்சு வயசு, பட்டாணின்னு கூப்பிடுவோம். பாதி உரிச்ச பழம் கையில இருக்கு, அப்படியே நாற்காலியில சாஞ்சார். பட்டாணி கையைத் தட்டி, பெரிய தாத்தா செத்துட்டார், யார் முதல்லன்னு கத்தினா. எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.

முதல்ல அவளேதான். கண்ணாமூச்சி ஆடறப்ப திரைக்கு அடியில என் கால் தெரியும், பெரிய தாத்தாவுக்கு அது தெரியும், ஆனாலும் அவர் பீரோவுக்குள்ள எல்லாம் தேடுவார்னு சொன்னா. எல்லாரும் சிரிச்சாங்க.

அடுத்தது என் பையன். தலை நரைச்சாச்சு, எழுந்து நின்னு சொல்றான். தாத்தா எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுத்தப்ப கேட்டை இடிச்சது நான், ஆனா அம்மாகிட்ட, தானே இடிச்சதாச் சொல்லிட்டார்னு. டாக்டர், அந்த கேட்டுக்காக நான் அப்பாகிட்டேருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கி வெச்சவ. கண்ணு சரியாத் தெரியலைன்னு பரிசோதனைக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். புதுக் கண்ணாடியும் வாங்கிப் போட்டேன். அந்த மனுஷன் கடைசி வரைக்கும் பஸ்ஸுல போயிட்டு வந்தார், மூச்சு விடல. அவனை அப்புறமா விசாரிக்கறேன்.

தம்பி மக சொன்னதை அவளே உங்களுக்குச் சொல்லட்டும், அவளுக்கு அது உதவும். தம்பிதான் எதிர்பாக்காதது. அவனும் அப்பாவும் ஒரு தடவை கூட ஒத்துப் போனதில்ல. இந்த விளையாட்டுல அவன் சொல்ற பாராட்டெல்லாம் கிண்டலாத்தான் இருக்கும். இன்னைக்குத் தண்ணி டம்ளரை உருட்டிக்கிட்டே இருந்தான். அப்புறம், என் தொழில் கவுந்து நான் வீட்டுக்கு வந்த அன்னைக்கு, எல்லாரும் காரணம் கேட்டாங்க, அப்பா ஒண்ணுமே கேக்கல, தன் மெத்தையை எனக்கு விரிச்சுட்டு ஹால்ல நாற்காலியிலேயே தூங்கினார்னு சொன்னான். அப்பா, இதுக்குக் கூட எழுந்திருக்கலைன்னா உங்களுக்கு ரொம்பத்தான் கொழுப்புன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டான். மறுபடியும் சிரிப்பு.

அப்புறம் எல்லாரும் என்னைப் பாத்தாங்க. நான் ஒரு நாளும் சொன்னதில்லையே. பெரிய பாட்டி, நீ காபின்னு சொல்லக் கூடாதுன்னு பட்டாணி எச்சரிக்கை பண்றா.

நான் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடி நான் நைட் டியூட்டி பாத்துட்டு வந்து காலையில படுப்பேன். இந்த வீட்டுல இவ்வளவு சத்தம் போடற மனுஷன், நான் தூங்கற நேரத்துல மட்டும் செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடப்பார். ஒரு தடவை பாதிக் கண்ணுல பாத்துட்டேன், பாத்ததை அவர்கிட்ட சொன்னதில்ல. அவ்வளவுதான் சொன்னேன். அப்பா போயிட்டார், எல்லாரும் ஹாலுக்குப் போங்கன்னேன். உங்களுக்குப் போன் பண்ணினேன்.

எனக்கு எப்பத் தெரியும்னா கேக்கறீங்க?

அவர் சாஞ்ச உடனேதான். பக்கத்து நாற்காலியில நான்தானே இருந்தேன். மணிக்கட்டு, கழுத்து, கண்ணு, எல்லாம் பாத்தேன். எத்தனையோ வருஷம் செஞ்ச வேலை, கை தானாப் போச்சு. ஒண்ணும் மிச்சமில்ல, திருப்பிக் கொண்டு வர்றதும் வேண்டாம்னு அவரே சொல்லியிருக்கார். நிமிர்ந்து பாத்தா எல்லார் முகத்துலயும் சிரிப்பு, நாற்காலி எல்லாம் திரும்பியாச்சு, தம்பி கூட உக்காந்திருக்கான். இந்த மாதிரி இவங்க எல்லாரும் இன்னொரு தடவை இங்க உக்கார மாட்டாங்கன்னு தோணுச்சு. இந்தத் தடவை பலமாத்தான் இருக்கு, ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்கன்னேன். நான் சொன்னதால நம்பினாங்க. இந்த விஷயத்துல நான் விளையாட மாட்டேன்னு எல்லாருக்கும் தெரியும்.

எழுதறதைச் சரியா எழுதுங்க டாக்டர், பொய் எழுதச் சொல்றவ நான் இல்ல. வெளியில போய், உடனே கூப்பிட்டிருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு தம்பி மககிட்ட சொல்லுங்க. அது நிஜம்னு உங்களுக்கே தெரியும். எந்த நிமிஷத்துல போனார்னு மட்டும் பேச்செடுக்காதீங்க. இருக்கறவர்கிட்ட சொல்றதா நினைச்சுத்தான் அவங்க சொன்னாங்க, அது அப்படியே இருக்கட்டும். இல்லைன்னு தெரிஞ்சு சொன்னது நான் ஒருத்திதான். அதுவும் நல்லதுக்குத்தான், அவர் கண்ணைத் திறந்து பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு வார்த்தையே வந்திருக்காது.

வாங்கம்மா, கை கழுவிக்கோங்க. துண்டு கதவுக்குப் பின்னாடி இருக்கு.