இரண்டு இரண்டு டெசிபலாக

நூற்றுத் தொண்ணூற்றாறு நாட்களில் அம்மாவின் காது மெஷின்களுக்குப் பதினான்கு முறை பேட்டரி மாற்றியிருக்கிறேன், டாக்டர். அதில் போடுகிற சின்னப் பேட்டரி இரண்டு வாரம் வரும். சிலர் மூன்று வாரம் ஓட்டுவார்கள். கடைசி நாட்களில் கரகரவென்று கேட்கும், சகித்துக்கொள்வார்கள். நான் அம்மாவை அப்படி விட்டதில்லை. பதினான்காம் நாள் காலையில் மெஷின்களைக் கழற்றி வாங்கிக்கொண்டு க்ளினிக்குக்கு வருவேன். துடைத்து, புது பேட்டரி போட்டு, சாயங்காலம் என் கையாலேயே மாட்டிவிடுவேன்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம், நான் அவளைக் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான்.

அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். எதிர்முனையில் ஒருவர் தொண்டையைக் கனைத்தாலே ஆளைச் சொல்லிவிடுவாள் என்று அங்கே அவளுக்குப் பெயர். அந்தக் காதோடுதான் தினமும் வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இரண்டு அறை. உள்ளறையில் நான் பென்சிலைக் கீழே போட்டால் கூடத்திலிருந்து "என்னடி விழுந்தது?" என்பாள். போர்வைக்குள் அழுதால் "மூக்கைச் சிந்திட்டுப் படு" என்பாள். அப்பா நான் எட்டாவது படிக்கும்போது போய்விட்டார். அதன்பிறகு அந்தக் காதுக்கு நான் ஒருத்திதான் வேலை.

நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள். உங்களுக்கே தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என்னைப் பிள்ளைப்பூச்சி என்று கூப்பிட்டீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. பொருத்தமான பெயர்தான்.

நான்கு வருஷங்களுக்கு முன் அம்மாவுக்குக் கேட்பது குறைய ஆரம்பித்தது. ஹெட்செட் மாட்டிய காது அப்படித்தான் ஆகும். அந்த ஏழெட்டு மாதம் வீட்டில் பென்சில்கள் சத்தமில்லாமல் விழுந்தன. நான் அறைக்குள் நடந்தேன், இருமினேன், ஒருமுறை எனக்கு நானே பேசிப் பார்த்தேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. நன்றாக இருந்தது. ஆனால் இயற்பியல் படித்து, காது பரிசோதனைப் பயிற்சியும் முடித்து, இந்த வேலையில் சேர்ந்த பெண் பெற்ற தாயை அப்படியே விடலாமா? நான்தான் அழைத்துவந்தேன். இரண்டு காதிலும் ஐம்பது டெசிபல் குறை. மெஷின் பொருத்தி, உச்சவரம்பை நூற்றெட்டில் வைத்தேன்.

உச்சவரம்பு ஒரு வேலி. வெளியே இடியே விழுந்தாலும் அந்த அளவுக்கு மேல் மெஷின் காதுக்குள் விடாது. மிச்சமிருக்கும் செவியைக் காப்பாற்றுவது அதுதான்.

மாட்டியவுடன் அம்மா அழுதாள். "உன் மூச்சு கேக்குதுடி" என்றாள். எல்லோரும் கை தட்டினீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு மட்டும் தோன்றியது.

கிளாரினெட் என்னிடம் வந்தது பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் மூலம். இருபத்தேழு வருஷம் ட்ரம்முக்குப் பக்கத்தில் நின்று ஊதியவர். பரிசோதனைத் தாளில் சரிந்து விழுந்திருந்த கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஊருக்கெல்லாம் கேக்குது. எனக்குத்தான் கேக்கலை. அப்புறம் எனக்கெதுக்கும்மா இது?" என்று பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். போன் செய்தால் அவர் மனைவிதான் எடுத்தார். "அது திரும்பி வந்தா அவரு சாப்பிட மாட்டாரும்மா. நீயே வச்சுக்கோ" என்றார்.

பரிசோதனை அறையில் மதிய இடைவேளையில் ஊதிப் பார்த்தேன். ஆறடிக்கு நான்கடி, சுவரெல்லாம் பஞ்சு. கனத்த கதவை இழுத்து மூடினால் சொந்த ரத்தம் ஓடுவது கேட்கும். உலகத்தில் என்னை யாருக்கும் கேட்காத ஒரே இடம். முதல் மூன்று நாள் வெறும் காற்று. நான்காம் நாள் வாத்து கத்தியது. ஆறாம் நாள் எல்லாத் துளைகளையும் மூடிக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை விட்டேன். கீழேயிருந்து ஒரு சத்தம் எழுந்து வந்தது. வினாடிக்கு நூற்று நாற்பத்தேழு அதிர்வுகள் என்று பிறகு அளந்தேன். அப்போது எனக்குத் தெரிந்தது முன்பற்கள் நடுங்கியதும், மண்டையோடு மரமாகிவிட்டதும்தான். கதவைத் திறந்து யாராவது வருகிறார்களா என்று பார்த்தேன். யாரும் வரவில்லை. மறுபடி மூடிக்கொண்டு மறுபடி ஊதினேன்.

இருபத்தாறு வயது வரை எனக்குள் இவ்வளவு பெரிய சத்தம் இருந்தது எனக்குத் தெரியாது.

அதன்பிறகு மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். நாற்பது நிமிஷம் கிடைக்கும். பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருந்தது, அதுதான் குரு. கிளாரினெட்டில் நடுவே ஒரு படி உண்டு. கீழ் ஸ்வரங்களிலிருந்து மேலே ஏறுமிடம். ஒரு விரல் மட்டும் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்பது விரல்களும் ஒரே நொடியில் வந்து மூட வேண்டும். அங்கே எல்லோரும் தடுக்கி விழுவார்கள். நான் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி அந்தப் படியை ஏறினேன். பாத்திரம் தேய்க்கும்போது ஏறினேன். கனவிலும் ஏறினேன். எதையும் இப்படி வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை, டாக்டர். பசி, தூக்கம், நல்ல பெயர் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

பிறகு நீங்கள் மதியத்திலும் நோயாளிகளைப் பார்க்கலாம் என்று முடிவு செய்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. கூட்டம் அப்படி இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு உள்ளறைக் கதவைச் சாத்தி, அடியில் துணியைச் செருகிவிட்டு, மிக மெதுவாக ஒரு ஸ்வரம் ஊதினேன்.

"என்னடி அது?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுதான் இப்படிக் கத்துதா?"

கதவைத் திறந்து பார்த்தாள். பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்ச கதையால்ல இருக்கு" என்று சிரித்தாள். அந்தப் பெயரை அவளிடம் சொன்னது நான்தான்.

அன்றிலிருந்து ஐந்தரை மணி அவளுடையதாகிவிட்டது. ரேடியோவை அணைத்துவிடுவாள். அவள் செருப்பு கதவுவரை வந்து நிற்பது எனக்குத் தெரியும். "மறுபடி அதே எடத்துல வழுக்கிட்டே" என்பாள். "ஏன் நின்னுடுச்சு?" என்பாள். "நேத்து இதைவிட வேகமா ஏறினே" என்பாள். ஒரு பயிற்சியை இருபது முறை ஊதினால் இருபதையும் எண்ணியிருப்பாள். யாரோ கேட்கிறார்கள் என்றால் என் விரல்கள் கல்லாகிவிடும். பள்ளியில் செய்யுள் ஒப்பிக்கும்போதும் அப்படித்தான். அந்தப் படியில் மூன்று மாதம் நின்றேன், மேலேயும் போகாமல் கீழேயும் வராமல். இரண்டு அறை. இரண்டிலும் அவள் காது. மொட்டைமாடிக்குப் பூட்டு. வெளியே போய் ஊதுவதற்கு நான் வேறு பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும்.

ஒருநாள், "மெஷினைக் கொஞ்ச நேரம் கழட்டி வச்சிடேம்மா, உனக்குத் தலைவலிக்கும்" என்றேன்.

கழற்றினாள். அரைமணி கழித்து வந்து, "கழட்டினா காலிங் பெல்லுதான் கேக்கலை. உன் பீப்பி நல்லாவே கேக்குது" என்றாள்.

அது உண்மை. ஐம்பது டெசிபல் குறை அந்த வாத்தியத்துக்குப் போதாது. எவ்வளவு குறை இருந்தால் போதும் என்று அன்றைக்குத்தான் முதலில் கணக்குப் போட்டேன். கணக்காகத்தான் போட்டேன்.

அடுத்த பேட்டரி நாளில் வேலியை நூற்றெட்டிலிருந்து நூற்றுப்பத்துக்கு ஏற்றினேன். ஒலியைக் குறைக்கும் சின்னப் பொத்தானை முடக்கினேன். ஒரே நாளில் பெரிதாக ஏற்றினால் வலிக்கும், கழற்றி எறிந்துவிடுவார்கள். இரண்டு இரண்டாகப் போனால் மூளை விட்டுக்கொடுக்கும். பயிற்சியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நல்ல காரியத்துக்காக.

"பாத்திர மூடி விழுந்தா சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்குடி" என்றாள் ஒருநாள்.

"பழகிடும்மா."

இங்கே வருகிற எல்லோரிடமும் இதைத்தான் சொல்கிறோம். முதல் மூன்று வாரம் அப்படித்தான் இருக்கும், கழற்றாமல் போட்டுக்கொள்ளுங்கள் என்று. அவர்களும் போட்டுக்கொள்கிறார்கள். அம்மாவும் போட்டுக்கொண்டாள். நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், ஆனால் கழற்ற மாட்டாள். பெண் படித்த படிப்பின்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை.

ஆறாவது முறைக்குப் பிறகு அவளே, "கொஞ்சம் சத்தம் கூட்டி வையேன், எல்லாம் பஞ்சுக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றாள். அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் அவள் கேட்டுச் செய்ததுதான். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

எட்டாவது முறைக்குப் பிறகு, செவி குறைகிற வேகம் போதவில்லை. பாத்திர மூடி தினமும் விழாது. அதனால் கதவைத் திறந்து வைத்தேன். "மெஷினைப் போட்டுக்கிட்டே இரும்மா" என்றேன். அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நான் மேல் ஸ்வரங்களாகப் பார்த்து, நீளமாக, உரக்க ஊதினேன். தினமும் ஒரு மணி நேரம். அவள் கண்ணிமை ஒவ்வொன்றுக்கும் துடிக்கும். எழுந்து போக மாட்டாள். அந்த நாட்களில் என் விரல்கள் கல்லாகவில்லை. அதை நான் வாசிப்பாக நினைக்கவில்லை, ஒரு அளவீடாக நினைத்தேன்.

பத்தாவது முறையில் சித்தி போன் செய்தபோது அம்மா "ஆங்? ஆங்?" என்றாள். தங்கையோடு தினமும் மதியம் ஒரு மணி நேரம் பேசிச் சிரிக்கிறவள். பன்னிரண்டாவதில் போனை என் கையில் கொடுத்து, "நீயே என்னன்னு கேட்டுச் சொல்லு" என்றாள். "எக்ஸ்சேஞ்சுக்காரி காதுக்கே லைன் கட்" என்று சித்திக்குச் சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். சித்தி சிரிக்கவில்லை. பதினான்காவதில் வேலி நூற்று முப்பத்தாறில் நின்றது. அதற்குமேல் அந்த மெஷினில் இடமில்லை. தேவையும் இல்லை. சமையலறையில் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். அவள் திரும்பவில்லை.

அன்று சாயங்காலம் முதன்முறையாக அந்தப் படியை ஏறிக் கடந்தேன். ஒன்பது விரல்களும் ஒன்றாக வந்து விழுந்தன. கீழேயிருந்து மேலே, ஒரே மூச்சில், தையல் தெரியாமல். நான் அழுதேன். மூக்கைச் சிந்தச் சொல்ல யாருமில்லை.

நான் நினைத்தபடி எல்லாம் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேட்கிறவரை அம்மா அவள் இடத்தில் இருந்தாள். கேட்காமல் போனதும் என்னைக் கண்ணால் பிடித்துக்கொண்டாள். நான் உள்ளறைக்குப் போனால் உள்ளறைக்கு வருகிறாள். குளியலறை வாசலில் நிற்கிறாள். நான் கிளாரினெட்டை எடுத்தால் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து என் விரல்களைப் பார்க்கிறாள். "ஆரம்பிச்சிட்டியாடி?" என்று மாடி முழுக்கக் கேட்கும்படி கத்துகிறாள். தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்குத் தெரியாது. ஒருநாள் வாத்தியத்தின் அகன்ற வாயில் உள்ளங்கையை வைத்தாள். ஸ்வரம் செத்துவிட்டது. "நிறுத்தாதே, ஊது" என்றாள். என்னால் ஊத முடியவில்லை.

நான் வெளியூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போயிருந்தபோது சித்தி அவளை உங்களிடம் அழைத்துவந்திருக்கிறார். நீங்கள் மெஷினைக் கணினியில் இணைத்துப் பார்த்திருக்கிறீர்கள். பதினான்கு மாற்றங்கள், பதினான்கு தேதிகள், எல்லாவற்றிலும் என் பெயர். அழித்திருக்கலாமே என்று கேட்டீர்கள். எழுதிய அளவை அழிக்கக் கூடாது என்று கல்லூரி ஆய்வகத்தில் பழக்கிவிட்டார்கள். அழிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நேற்று நீங்கள் கடைசியாக ஒரு கேள்வி கேட்டீர்கள். "வீட்ல வாசிக்க விடாம அம்மா ரொம்பத் தொல்லை பண்ணாங்களாம்மா?" நீங்கள் அதைக் கனிவாகத்தான் கேட்டீர்கள். நான் தலையாட்டினேன்.

சித்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே படிக்கட்டில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தினம் அஞ்சரைக்கு எனக்கு போன் போட்டு, கதவுகிட்ட பிடிச்சுக்கிட்டு நிப்பாடி. மூச்சு விடாம நிப்பா. 'கேளு, இன்னிக்கு ஏறிடுவா பாரு, இன்னிக்கு ஏறிடுவா'ம்பா. எதுக்குடி தலையாட்டினே?" என்றார்.

நான் கையை விடுவித்துக்கொண்டு படியிறங்கினேன். இப்போது நீங்கள் போனை என் பக்கமாக நகர்த்தி வைத்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறீர்கள். தலையாட்டினால் இதில் விழாது. அதனால் வாயால் சொல்கிறேன்.

வாசிக்காதே என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை, டாக்டர். அவளுக்கு அது பிடித்திருந்தது.