பதினாறுன்னா ஊரே இல்லை

கெனெவே: ...அதெல்லாம் அப்புறம். முதல்ல அந்த ஹீட்டரை இந்தப் பக்கம் தள்ளு. விரல் மரத்துப் போய் ஒரு எழுத்து அடிக்க முடியல.

லெபோனா: மண்ணெண்ணெய் தீந்து அரை மணி நேரம் ஆச்சுக்கா. வெறும் டப்பா முன்னாடிதான் கையக் காட்டிக்கிட்டு இருக்கீங்க.

கெனெவே: அதான பாத்தேன்... போன் அடிக்குது, எடு.

லெபோனா: நீங்க எடுங்க. ஹா மொசாலா நர்ஸம்மாவாத்தான் இருக்கும். காலையிலேர்ந்து ஏழு தடவை நான் திட்டு வாங்கியாச்சு.

கெனெவே: ஹலோ... ஆமாம்மா... தெரியும்மா, உங்களது மட்டும் இல்ல, அந்தப் பள்ளத்தாக்குல எல்லா கிளினிக்குக்கும் லைன் போயிடுச்சு... ஆண்டவர் சத்தியமா அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம்... ம்... ம்... சரிம்மா.

லெபோனா: திட்டினாங்களா?

கெனெவே: திட்டியிருந்தா பரவாயில்ல. ஒரு பொண்ணு, நிறைமாசம், பனியில குதிரை மேல நாலு மணி நேரம் வந்து உக்காந்திருக்காளாம். ரத்த ரிசல்ட் இங்க மசேரு லேப் கம்ப்யூட்டர்ல இருக்கு, லைன் இல்லாம அங்க போகல. போன்ல படிச்சுச் சொல்ல லேப்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. "நான் அவளுக்கு என்ன சொல்லட்டும்"னு கேக்கறாங்க.

லெபோனா: ...மணி என்ன?

கெனெவே: மூணாகப் போகுது. நாலு மணிக்கு மேனேஜர் பமோட்சே ஐயா வந்து நிப்பாரு.

லெபோனா: இன்னைக்கே முடிவு பண்ணிடுவாரா?

கெனெவே: பண்ணாம? ரெண்டு மலை டவர்ல ஒண்ணுக்குத்தான் டீசல்னு மேலேர்ந்து சொல்லிட்டாங்க. வெள்ளைப்பாறையா, கருமலையா, ஒண்ணை மூடணும். ஒரு மாசமா டேட்டா எந்த மலை வழியா ஓடுதுன்னு கிராஃப் ஊஞ்சலாடுது, ஒரு நாள் அது, ஒரு நாள் இது. அதனால இன்னைக்கு நாலு மணிக்கு எந்த மலை வழியா ஓடுதோ அது இருக்கட்டும், மத்தது போகட்டும்னுட்டாரு.

லெபோனா: போகட்டும்.

கெனெவே: என்னடா "போகட்டும்"? கருமலைல காவலுக்கு இருக்கறது உன் கூடப்பொறந்த அண்ணன்.

லெபோனா: எனக்கு ஞாபகம் இருக்குக்கா. நீங்க ஸ்கிரீனைப் பாருங்க.

கெனெவே: ஏன் இப்படி எழுந்து எழுந்து நடக்கறே? தலை சுத்துது. உக்காரு. ரேடியோல கூப்பிட்டு அங்க மெஷின்ல விளக்கு எரியுதான்னு கேளு.

லெபோனா: நீங்களே கேளுங்களேன்.

கெனெவே: உன் அண்ணன்!

லெபோனா: சரி, சரி... கருமலை, கருமலை. மசேரு பேசறேன். கேக்குதா?

செல்லோ: கேக்குது, கேக்குது. யாரது, என் தம்பி குரல் மாதிரி இருக்கு? ஆனா மரியாதையா பேசுதே.

லெபோனா: விளையாடாதண்ணே. மெஷின்ல விளக்கு எப்படி இருக்கு?

செல்லோ: எல்லாம் பச்சை. இந்த மலைல இப்போதைக்கு பச்சையா இருக்கறது அது ஒண்ணுதான்.

லெபோனா: பனி எவ்வளவு?

செல்லோ: குதிரைக்கு முட்டி வரைக்கும். அது என்னை முறைச்சுப் பாக்குது, நான்தான் மேலேர்ந்து கொட்டினேன்ற மாதிரி.

லெபோனா: மாவு இருக்கா?

செல்லோ: அம்மாகிட்ட இருக்குன்னு சொல்லு.

லெபோனா: இருக்கா, இல்ல இருக்குன்னு சொல்லணுமா?

செல்லோ: ...அட விடுடா. பக்கத்துல யாரு?

லெபோனா: கெனெவே அக்கா.

செல்லோ: ஓ... வணக்கம் மேடம். சௌக்கியமா மேடம்?

கெனெவே: ம். சௌக்கியம்.

செல்லோ: சரிங்க மேடம். வெச்சுடறேன் மேடம்.

லெபோனா: என்ன இவன்? உங்க பேரைக் கேட்டா மட்டும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஆயிடறான்.

கெனெவே: எனக்கென்ன தெரியும். வேலையப் பாரு.

லெபோனா: வேலைதான்... ரெண்டு மலையிலயும் விளக்கு எரியுது. கம்பி சரி, கரண்ட் சரி. அப்ப நம்பர்லதான் கோளாறு.

கெனெவே: அதை ஐயாவுக்கு எப்படிச் சொல்வே? அவருக்கு மெஷின்னாலே அலர்ஜி. என்னை ஐயான்னு நெனச்சுக்கிட்டு சொல்லிப் பாரு.

லெபோனா: தொப்பை பத்தாதே...

கெனெவே: லெபோனா!

லெபோனா: சரிங்கய்யா. நம்ம மெஷினுங்க எல்லாம் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பக்கத்து மெஷின்கிட்ட சொல்லுங்கய்யா, "என் வழியா போனா கிளினிக்குக்கு இத்தனை மெஷின் தாவணும்"னு. கேட்டது தன் பங்குக்கு ஒண்ணைக் கூட்டி அடுத்ததுகிட்ட சொல்லும். கடைசியில யாரு கம்மியா சொல்றாங்களோ, அந்த வழியாத்தான் எல்லாம் போகும்.

கெனெவே: "வெள்ளைப்பாறை வழியா எத்தனை தம்பி?"

லெபோனா: நாலுங்கய்யா. கருமலை வழியா ஆறு.

கெனெவே: "அப்ப எப்பவும் வெள்ளைப்பாறைதானே? ஊஞ்சல் எதுக்கு ஆடுது?"

லெபோனா: ...அது... யாராவது நம்பரைக் கூட்டி வெச்சிருந்தா ஆடும்யா.

கெனெவே: "கூட்டலாமா?"

லெபோனா: கூட்டலாம். ஒரு வழி வேணாம்னா, அந்தப் பக்கம் வர்ற நம்பரோட ரெண்டு மூணு சேத்துக்கோன்னு மெஷின்ல எழுதி வெக்கலாம். தூரம் என்னவோ அதே தூரம்தான். மெஷின் மட்டும் ரொம்ப தூரம்னு நம்பிக்கும்.

கெனெவே: "இஷ்டத்துக்குக் கூட்டலாமா?"

லெபோனா: பதினஞ்சு வரைக்கும்தான்யா. பதினாறு ஆச்சுன்னா அந்த ஊரே இல்லைன்னு மெஷின் முடிவு பண்ணிடும்.

கெனெவே: "அப்ப இப்போ..."

லெபோனா: ரெண்டு வழியும் பதினாறு. அந்தப் பள்ளத்தாக்கே இல்லைங்கய்யா நமக்கு.

கெனெவே: பள்ளத்தாக்கே இல்லையா...

லெபோனா: என்னக்கா, ஐயா குரல் மாறிப் போச்சு?

கெனெவே: ஒண்ணுமில்ல. கருமலை மெஷினைத் திற. பாக்கலாம்.

லெபோனா: அது நான் காலையிலேயே பாத்துட்டேன். சுத்தமா இருக்கு. வெள்ளைப்பாறையைத் திறக்கட்டுமா?

கெனெவே: வேணாம்! அதை... அதை நான் பாத்தாச்சு.

லெபோனா: எப்ப?

கெனெவே: நீ எப்ப பாத்தே? வந்ததே பத்து மணிக்கு. வந்ததும் மகோன்யா உருண்டை நாலை வாயில அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தே.

லெபோனா: தின்னுக்கிட்டே பாத்தேன்.

கெனெவே: நானும் டீ குடிச்சுக்கிட்டே பாத்தேன்.

லெபோனா: அப்ப ரெண்டும் சுத்தம். பதினாறு வானத்துலேர்ந்து விழுந்துச்சு, பனியோட சேந்து.

கெனெவே: கிண்டல் பண்ணாதே.

லெபோனா: போன் அடிக்குதுக்கா.

கெனெவே: கேக்குது.

லெபோனா: எடுக்கலையா?

கெனெவே: எடுத்து என்னத்தைச் சொல்ல... நிறுத்துடா, என்னால முடியல. அந்தப் பொண்ணு அங்க உக்காந்திருக்கா. திற. ரெண்டையும் திற.

லெபோனா: அக்கா...

கெனெவே: திறன்னா திற!

லெபோனா: வெள்ளைப்பாறை... இதோ. "பன்னெண்டு சேர்க்கவும்." பன்னெண்டா! யாரு இந்த... கடைசியா மாத்தினவர்... கெனெவே. இன்னைக்குக் காலை எட்டு பத்து.

கெனெவே: நகரு. கருமலைய நான் திறக்கறேன்... "பத்து சேர்க்கவும்." கடைசியா மாத்தினவர் லெபோனா. நேத்து சாயங்காலம். இதான் உன் சுத்தமா? நான் மூணுலதான்டா ஆரம்பிச்சேன்! வெள்ளைப்பாறையில மூணு கூட்டினா ஏழு ஆகும், ஆறு இருக்கற கருமலை வழியா ஓடும். அவ்வளவுதான் நெனச்சேன். ரெண்டு நாள் ஓடுச்சு. மூணாம் நாள் பாத்தா திரும்ப வெள்ளைப்பாறைக்குப் போயிருக்கு.

லெபோனா: நான் கருமலையில ரெண்டு கூட்டினேன்.

கெனெவே: நான் அஞ்சாக்கினேன்.

லெபோனா: நான் நாலாக்கினேன்.

கெனெவே: ஒரு மாசமா... எந்தப் பிசாசு இழுக்குதுன்னு பாத்தா பக்கத்து நாற்காலியில உக்காந்து என் டீயக் குடிச்சுக்கிட்டு இருந்திருக்கு.

லெபோனா: நான் கான்ட்ராக்டர் ஆளுங்கன்னு நெனச்சு தினமும் அவனுங்களைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நேத்து கடைசியா பத்தாக்கினேன், கருமலை பதினாறாயிடுச்சு. சரி, வெள்ளைப்பாறைதான் இருக்கே, கிளினிக்குக்கு ஒண்ணும் ஆகாதுன்னு...

கெனெவே: காலையில வந்தவ கருமலை எவ்வளவுல நிக்குதுன்னு பாக்காம கூட்டிட்டேன். கோவத்துல.

லெபோனா: எங்க அண்ணனுக்காகத்தான்க்கா.

கெனெவே: அண்ணனுக்காகவா? அண்ணன் வேலையில மண்ணைப் போட்டுட்டு அண்ணனுக்காகவாம்!

லெபோனா: போன வருஷம் ஒன்பது நாள் பனியில மாட்டிக்கிட்டான். ரெண்டு கால் விரலை வெட்டி எடுத்தாங்க. வேலைய விடுடான்னா சிரிக்கறான். பனி விழுந்தா எங்க அம்மா தூங்கறதில்ல, அடுப்பை அணைக்கறதில்ல, இப்ப வந்துடுவான்னு. மலைய மூடினா இறங்கி வந்துதானே ஆகணும்? வேலை போனா மசுரே போச்சு. நான் களி போடறேன் அவனுக்கு. நீங்க சொல்லுங்க. உங்களுக்கு எதுக்கு கருமலை?

கெனெவே: முதல்ல கிளினிக். நான் பன்னெண்டை எடுக்கறேன், நீ பத்தை எடு.

லெபோனா: எடுத்தாச்சு.

கெனெவே: எடுத்தாச்சு.

லெபோனா: அரை நிமிஷம் பொறுக்கணும்.

கெனெவே: தெரியும்... வா, வா, வந்து தொலை...

லெபோனா: வந்துடுச்சு! ஹா மொசாலா... நாலு. மத்ததும் வந்துடுச்சுக்கா!

கெனெவே: ஹலோ, நர்ஸம்மா? ரிசல்ட் வருதா பாருங்க... வருதா? என்னன்னு இருக்கு?... அப்பாடி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க... ஆமா, நீங்க என்ன திட்டினாலும் தகும்மா. வெச்சுடறேன்.

லெபோனா: நல்ல ரிசல்ட்டா?

கெனெவே: பயப்பட ஒண்ணும் இல்லையாம். அழறாளாம், சந்தோஷத்துல.

லெபோனா: அப்பா... இப்பத்தான் மூச்சு வருது. நீங்க ஏன்க்கா இன்னும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு?

கெனெவே: எல்லாம் வெள்ளைப்பாறை வழியாத்தான் ஓடுது. கருமலையில சைபர். மூணரை ஆச்சு. நீ ஜெயிச்சுட்டே.

லெபோனா: ஜெயிக்கறதென்ன இதுல. அவன் இறங்கி வரட்டும்.

கெனெவே: எங்க வருவாரு?

லெபோனா: எங்கன்னா? வீட்டுக்கு.

கெனெவே: வீட்டுக்கு இல்லடா... எல்லைக்கு அந்தப் பக்கம். தங்கச் சுரங்கத்துக்குப் பேர் குடுத்தாச்சு. மலைய மூடினா வர்ற திங்கக்கிழமை பஸ்.

லெபோனா: பொய். எங்க அப்பா அந்தத் தூசியத் துப்பித் துப்பியேதான் செத்தாரு. கடைசி வரைக்கும் அவரைத் தூக்கி உக்கார வெச்சது அவன்தான். அவன் போக மாட்டான்.

கெனெவே: கையெழுத்தே போட்டாச்சு லெபோனா. உன்கிட்டயும் அம்மாகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காரு.

லெபோனா: உங்ககிட்டயா? எனக்குச் சொல்லாததை... மேடம், மேடம்னு நடுங்கறவன் உங்ககிட்ட ஏன் சொல்றான்?

கெனெவே: என்னைக் கட்டிக்கறதுக்கு எங்க அப்பா உங்க அண்ணன்கிட்ட இருபது மாடு பரிசம் கேட்டிருக்காரு. மலைச் சம்பளத்துல சேர்க்க ரெண்டு வருஷம் ஆகுமாம், அந்த மலையும் இல்லைன்னா சுரங்கம்தான்றாரு உங்க அண்ணன். ரெண்டு வருஷம் என்ன, அஞ்சு வருஷம்னாலும் காத்திருக்கேன், அந்தக் குழிக்குள்ள மட்டும் போகாதேன்னு அழுது பாத்தேன், கேக்கல... வேற வழி தெரியாமத்தான்டா கூட்டிக்கிட்டே இருந்தேன்.

லெபோனா: வெள்ளைப்பாறையில மூணு போடுங்க. சீக்கிரம், ஐயா கார் இப்பவே வந்துடுச்சு. மூணுக்கு மேல வேணாம், நான் இனிமே கை வெக்க மாட்டேன்... மாவு மூட்டைய ஞாயித்துக்கிழமை நானே குதிரையில ஏத்திக்கிட்டுப் போறேன் அண்ணி.