ஏரிக்கரையில் பூசை மணி

கெண்டை மீனுக்குச் சோம்புன்னா உசுரு, சாமி. நிறைய பேருக்கு இது தெரியாது. ராகியைக் கெட்டியாக் களி கிண்டி, ஆறினதும் சோம்பை இடிச்சுப் போட்டு, ஒரு சிட்டிகை பெருங்காயமும் சேர்த்துப் பிசைஞ்சு, எலுமிச்சம்பழம் அளவுக்கு உருட்டணும். அல்சூர் ஏரியில இருக்கற பொடி மீனுங்களுக்கு அது வாய்க்குள்ள போகாது. பெரிசு மட்டும்தான் வரும். எனக்கு வேண்டியதும் பெரிசு மட்டும்தான்.

பாவத்தைச் சொல்லுன்னு சொல்றீங்க. அதுக்குத்தான் வந்துட்டிருக்கேன். நான் ஆபீஸ்ல தலைமைக் குமாஸ்தா, எதையும் முதல்லேர்ந்து வரிசையாச் சொல்லித்தான் பழக்கம். குரலை வெச்சே கண்டுபிடிச்சிருப்பீங்க. ஆமா, தியோடர்தான். மர்பி டவுன் தியோடர், நம்ம கோயில் சபைச் செயலாளர். ஆனா பாவசங்கீர்த்தனக் கூண்டுல நமக்கு நடுவுல ஒரு தட்டி இருக்கு பாருங்க, அதுக்கு மரியாதை குடுத்து யாரோ ஒருத்தன்னு நெனச்சுக்கிட்டே கேளுங்க.

என் மச்சான் டொமினிக்கை உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி மௌரீனோட அண்ணன். ரொம்ப நல்லவன். அதுதான் அவன்கிட்ட எனக்குப் பிடிக்காதது. வருஷா வருஷம் பெரிய வியாழக்கிழமை மத்தியானம் ஏரியில கைக்கயிறு போட்டு ஒரு பெரிய கெண்டையைப் பிடிச்சுடுவான். பெரிய வெள்ளி ஒருசந்தி விரதத்துக்கு அதுதான் ரெண்டு வீட்டுக்கும் குழம்பு. தலை உங்க பங்களாவுக்கு வரும். நடுத்துண்டு அவன் வீட்டுக்கு. வால் எங்க வீட்டுக்கு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வால்தான், சாமி. வெள்ளைக்காரன் போனான், சுதந்திரம் வந்துச்சு, எங்க வீட்டுக்கு வர்ற துண்டு மட்டும் மாறல.

மௌரீன் அந்த வாலைச் சட்டியில போடறப்போ, "எங்கண்ணன் கைராசி"ம்பா. வருஷம் தவறாம சொல்வா. அதுல குத்தல் எதுவும் கிடையாது, பாவம். குத்தல் இருந்திருந்தா நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். இந்தத் தடவை ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் ஆரம்பிச்சதுமே அவகிட்ட சொல்லிட்டேன்: "இந்த வருஷம் மீன் நம்ம வீட்டுலேர்ந்து போகும். வால் உங்கண்ணனுக்கு." அவ சிரிச்சா. தெருவுல நாலு பேர்கிட்ட சொல்லியும் சிரிச்சா. அதுக்கப்புறம் மீன் இல்லாம நான் வீட்டுப் படி ஏற முடியாது. இவ்வளவுதான் விஷயம். மத்ததெல்லாம் அதுலேர்ந்து தானா வந்தது.

கைக்கயிறுன்னா கம்பு, கிம்பு எதுவும் கிடையாது. வெறும் கயிறுதான். பருத்தி நூலை முறுக்கி, புளியங்கொட்டைக் கஞ்சியில ஊறப்போட்டு, எங்க வாசல்லேர்ந்து எதிர்வீட்டு வேப்பமரம் வரைக்கும் இழுத்துக் கட்டிக் காயவெச்சேன். கஞ்சி ஏறினாத்தான் முறுக்கு விடாது. எதிர்வீட்டு நோராம்மா அதைத் துணிக்கொடின்னு நெனச்சு ரெண்டு பாவாடையைப் போட்டுட்டாங்க. பொறுமையா எடுத்து மடிச்சுக் குடுத்தேன். இதையும் நீங்க கணக்குல சேத்துக்கணும்.

நுனியில ஈயக்குண்டு. அதுக்கு ஒரு முழம் மேல தூண்டில் முள்ளு. கயித்தை ஈரக்கோணி மேல வட்டம் வட்டமாப் பரப்பி வெச்சு, குண்டைத் தலைக்கு மேல சுத்தி விட்டா, சிக்கு விழாம ஓடிப் போய் ஆழத்துல விழும். இந்தக் கடைசியைக் கரையில அடிச்ச மூங்கில் முளையில கட்டணும். அப்புறம் எல்லாரும் கயித்தை விரல்ல மாட்டிக்கிட்டு வெயில்ல உக்காந்திருப்பாங்க. மீன் இழுத்தா விரலுக்குத் தெரியும். டொமினிக் அப்படிப் பொழுதன்னிக்கும் உக்காருவான். எனக்கு உக்காந்தா தூக்கம் வந்துடும், ஆபீஸ் பழக்கம். அதனால கயித்துல மணி கட்டலாம்னு முடிவு பண்ணேன். முதல்ல ஒரு சலங்கையைக் கட்டிப் பாத்தேன். என் குறட்டைக்கு முன்னால அது எடுபடல.

அப்பதான் நம்ம பூசை மணி ஞாபகம் வந்துச்சு. ஒரே பித்தளைக் கைப்பிடியில நாலு மணி. அந்தச் சத்தம் கண்டோன்மென்ட்லயே வேற எதுக்கும் கிடையாது. பெரிய வியாழன் காலைப் பூசையில குளோரியா பாட்டுக்கு அடிச்சதோட அதை அலமாரியில வெச்சுப் பூட்டிடறோம். சனிக்கிழமை காலை குளோரியா வரைக்கும் மணிச்சத்தமே கூடாது, மரக்கட்டையைத்தான் தட்டணும். அப்போ அது சும்மாதானே கிடக்கு? ஒரு பொருள் சும்மா கிடந்தா எனக்கு மனசு உறுத்தும். செயலாளர்ங்கற முறையில என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. போனேன், துண்டுல சுத்தி எடுத்தேன். திருட்டுன்னு நான் சொல்ல மாட்டேன். இடம் மாத்தி வெச்சேன்.

கரையில அன்னிக்கு மத்தியானம் நம்ம கோயில் ஆளுங்க நிறைய பேர் கயிறு போட்டிருந்தாங்க. டொமினிக் எப்பவும் உக்கார்ற இடத்துலயே உக்காந்திருந்தான். நான் கொஞ்சம் தள்ளி ஒரு புதருக்குப் பின்னால, மர நிழலாப் பாத்து முளை அடிச்சேன். மணி புதருக்குள்ள தொங்கினதால யார் கண்ணுலயும் படல. எதுக்கும் இருக்கட்டும்னு கயித்துல ஒரு மடிப்பு எடுத்துக் கால் கட்டைவிரல்ல மாட்டிக்கிட்டுப் படுத்தேன்.

எவ்வளவு நேரம் தூங்கினேனோ, ஏதோ ஒரு மீன் வந்து உருண்டையைக் கடிச்சுப் பாத்திருக்கு. மணி அடிச்சுது. முழிச்சுப் பாத்தா, கரையில இருக்கற நம்ம ஆளுங்க அத்தனை பேரும் முட்டி போட்டிருக்காங்க! தலையைக் குனிஞ்சு, கண்ணை மூடி, மார்ல தட்டிக்கறாங்க. பிறந்ததுலேர்ந்து அந்த மணிக்கு முட்டி போட்டுப் பழகின உடம்பு. அது கோயிலா ஏரியான்னு முட்டிக்குத் தெரியுமா? கடலை விக்கற ஃபாத்திமா, "அரே, என்னா ஆச்சு இவங்களுக்கு? பூமி ஆடுதா?"ன்னு கூடையைத் தூக்கிக்கிட்டு நகர்ந்துட்டா. எல்லாரும் எழுந்து மேலயும் கீழயும் பாத்தாங்க. மணியைக் காணோம். நான் கண்ணை மூடிக் குறட்டை விட்டேன்.

கவனிங்க, அதை நான் அடிக்கல. மணி அடிக்கக் கூடாத நாள்ல அடிச்ச பாவம் முதல் தடவை மீனைச் சேர்ந்தது. ரெண்டாவது தடவையைப் பத்தித்தான் உங்க அபிப்பிராயம் வேணும்.

கொஞ்ச நேரத்துல டொமினிக் கயித்துல பெரிசு ஒண்ணு மாட்டிக்கிச்சு. எழுந்து நின்னு விட்டுப் பிடிக்கறான், கை மாத்திக் கை மாத்தி இழுக்கறான். தண்ணிக்கு மேல முதுகு தெரிஞ்சுது. அம்மாடி, அது மீனா, கன்னுக்குட்டியான்னு இருந்துச்சு. இன்னும் ரெண்டு இழுப்புல கரைக்கு வந்துடும். எனக்கு மௌரீன் சிரிச்ச சிரிப்பு கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. கால் கட்டைவிரல் ஆடிச்சு. தானா ஆடிச்சுன்னு சொல்லலாம்னுதான் வந்தேன். ஆனா பாவசங்கீர்த்தனத்துல பொய் சொல்லக் கூடாது. நான்தான் ஆட்டினேன். நடுப்பூசைக்கு அடிக்கற மாதிரியே நிறுத்தி நிறுத்தி, பக்தியோட ஆட்டினேன்.

டொமினிக் முட்டி போட்டான். கையைக் குவிச்சான். கையைக் குவிக்கணும்னா கயித்தை விட்டுத்தானே ஆகணும்? விட்டான். மீன் முளையையும் பிடுங்கிக்கிட்டுக் கரையோரமாவே என் பக்கம் ஓடி வந்துச்சு. நான் கட்டைவிரல் மடிப்பைக் கழட்டிட்டு ரெண்டு எட்டு எடுத்து வெச்சு, இழுபட்டுப் போற முளை மேல காலை வெச்சேன். ஏரிக்கரையில ஒரு நியாயம் உண்டு, சாமி. ஒருத்தன் கைவிட்ட கயித்தை யார் பிடிக்கிறாங்களோ, மீன் அவங்களுக்கு. இந்த நியாயத்தை ஏற்படுத்தினது நான் இல்ல. நான் அதுக்குக் கட்டுப்பட்டேன், அவ்வளவுதான்.

மீனை இழுத்துக் கரையேத்தி, அணைச்சுத் தூக்கிக்கிட்டு நிக்கறேன், அந்த நேரம் பாத்து என் கயித்துல ஒண்ணு விழுந்துச்சு. சும்மா இல்ல. முளை, கயிறு, மணி எல்லாத்தையும் சேர்த்துப் புதர்லேர்ந்து பிய்ச்சு, கரை மேல தரதரன்னு இழுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள போயிடுச்சு. போற வழியெல்லாம் மணி கலகலன்னு அடிச்சுக்கிட்டே போச்சு. அப்பதான் எழுந்திருச்ச ஜனம் மறுபடியும் தொப்புதொப்புன்னு முட்டி போட்டுக் கண்ணை மூடிக்கிச்சு. மணி போறதை நான் ஒருத்தன்தான் பாத்தேன். ஒரு கையில மீனும் ஒரு கையில மணியுமாப் பிடிச்சிருக்கலாமேன்னு கேப்பீங்க. மீன் வழுக்கும், சாமி.

கண்ணைத் தொறந்த டொமினிக் தன் வெறுங்கையைப் பாத்தான், என் கையில இருக்கற மீனைப் பாத்தான். ஓடி வந்து என்னைக் கட்டிக்கிட்டு அழுதுட்டான். "மாப்ளே, எனக்குக் கர்வம் இருந்துச்சுடா. ஆண்டவர் மணி அடிச்சு என்கிட்டேர்ந்து எடுத்து உனக்குக் குடுத்துட்டார்"னான். ஆண்டவர் பேரை எடுத்தவன்கிட்ட மறுத்துப் பேசலாமா? அவன் முதுகைத் தட்டிக் குடுத்தேன். மறுநாள் தலையை உங்களுக்கு அனுப்பினேன், நடுத்துண்டை நான் வெச்சுக்கிட்டேன், வாலை அவன் வீட்டுக்கு அனுப்பினேன். மௌரீன் எனக்கு ரெண்டு தரம் குழம்பு ஊத்தினா. வாழ்க்கையில அப்படி ஒரு சாப்பாடு நான் சாப்பிட்டதில்ல.

சனிக்கிழமை காலைப் பூசை உங்களுக்கே தெரியும். நீங்க குளோரியா எடுத்தீங்க. நாலு மணியும் ஒண்ணா முழங்க வேண்டிய இடத்துல ஒரு சத்தத்தையும் காணோம். பாவம், பூசைச் சாமானெல்லாம் பாத்துக்கற நம்ம கோயில்பிள்ளை சின்னப்பா அலமாரிக்கும் பீடத்துக்குமா ஓடினான். அப்புறம் வெளிய ஓடினான். வாசல்ல நிறுத்தியிருந்த என் சைக்கிள்லேர்ந்து மணியைக் கழட்டப் பாத்திருக்கான், வரல போலிருக்கு. சைக்கிளையே உள்ள தள்ளிக்கிட்டு வந்துட்டான். நீங்க பாட்டுக்கு லத்தீன்ல பாடறீங்க, அவன் பீடத்துக்குக் கீழ நின்னு கிணிங்கிணிங்னு அடிக்கறான். சத்தம் கேட்டதும் பாதி ஜனம் வழி விட்டு ஓரமா ஒதுங்கி நின்னுச்சு. பாட்டுக்கார டோரீன் சிரிச்ச சிரிப்புல குளோரியா பாதியில நின்னு போச்சு. எனக்குக்கூடச் சிரிப்பு வந்துச்சு. அடக்கிக்கிட்டேன், கோயில் பாருங்க.

அதுக்கப்புறம் நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல. ஏரியில தேவமணி கேட்டுச்சுன்னு ஊரெல்லாம் பேச்சு. யூனிஸ் அம்மா அந்தப் புதர்ல தினம் மெழுகுவத்தி ஏத்தறாங்க. போன ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல நீங்களே அந்த மணியைப் பத்திக் கண்ணு கலங்கப் பேசினீங்க. நல்ல பிரசங்கம். டொமினிக் கயித்தை எரிச்சுட்டு, இனிமே மீனே பிடிக்க மாட்டேன்னு ஜபமாலை உருட்டறான். ஒரு ஆத்துமா திரும்பியிருக்கு. என் கட்டைவிரலுக்கு அதுல ஒரு பங்கு இல்லேன்னு சொல்ல முடியுமா?

ஆனா பூசை மணி காணாமப் போனது தேவமணியில சேராதுன்னு சொல்லிட்டீங்க. அதுவும் சரிதான். விசாரிச்சு அறிக்கை குடுன்னு யாரை நியமிச்சீங்க? என்னைத்தான். நான் ஒழுங்கா விசாரிச்சேன், சாமி. சின்னப்பாவை நிக்கவெச்சுக் கேட்டேன். "சார், வியாழக்கிழமை தொடைச்சு அலமாரியில வெச்சுப் பூட்டினேன் சார். என் புள்ளைங்க மேல ஆணை சார்"னு அழுதான். பொய் சொல்றவன் மாதிரி தெரியல. அதை அவன்கிட்டயே சொன்னேன். மனசு தேறட்டும்னு.

ஆனா அறிக்கைன்னு ஒண்ணு எழுதினா யார் பேரையாவது போட்டுத்தானே ஆகணும்? சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு அவன்கிட்ட, ஒண்ணு செயலாளர்கிட்ட. விசாரிக்கறவனே தன்னைச் சந்தேகப்படறது முறையில்ல. அதனால சின்னப்பா பேரைப் போட்டேன். அனுமதியில்லாம என் சைக்கிளை எடுத்ததையும் தனியா ஒரு வரி சேர்த்திருக்கேன். கோயிலுக்குப் பின்னால அவன் குடியிருக்கற அறையைக் காலி பண்ண ஒரு மாசம் தவணை குடுக்கலாம்னு சிபாரிசும் செஞ்சிருக்கேன். நாலு புள்ளைங்களை வெச்சிருக்கறவன், கொஞ்சம் தயவு காட்டணும் இல்லையா?

ஏன் சாமி தட்டியை இப்படித் தட்டறீங்க? மெதுவா. நான் போய் எல்லார்கிட்டயும் உண்மையைச் சொல்லணும்னா, உங்க பிரசங்கம் என்ன ஆகறது? யூனிஸ் அம்மா மெழுகுவத்தி? டொமினிக் ஜபமாலை? மௌரீன்? அவ மறுபடியும் வால் துண்டுக்குப் போகணுமா? நீங்களும் யார்கிட்டயும் சொல்ல முடியாது. இந்தக் கூண்டுல கேட்டது கூண்டோட போச்சு. அதுக்காகத்தான் இங்க வந்தேன்னு நெனச்சுடாதீங்க. அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

செஞ்ச பாவத்துக்கு மனஸ்தாபம் இருக்கான்னு கேக்கறீங்க. இருக்கு. ராத்திரி தூக்கம் வரல. என் கயித்துல வந்தது டொமினிக் மீனை மாதிரி ரெண்டு இருக்கும், சாமி. அதை நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

சரி, நேரமாகுது. அபராதம் என்னன்னு சொல்லி, மன்னிப்பு குடுத்து அனுப்புங்க. பத்து மணிக்குச் சபை கூடி அறிக்கையில கையெழுத்து போடணும். பொய்யான காகிதத்துல பாவத்தோட கையெழுத்து போட எனக்கு மனசு வரல.