வேலியோரத்தில் முதல் வண்டி

— சாவிக்கொத்து ஆட்டம் ஞாபகம் இருக்கா, வெர்லீன் அக்கா?

— மறக்குமா, ஹாய்ட்டு? அந்த அலபாமாக்காரப் பையன் பேஸ்பால் மைதானத்துல, நாம வண்டியை நிறுத்தி ஆட்டம் பார்க்கற இந்த வேலிக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கறான். அவன் அப்பன் ஜெயில்ல. நாப்பது பேரும் ஒரே நேரத்துல, ஜெயில் வார்டன் மாதிரி, வண்டிச் சாவியை எடுத்துக் குலுக்கினோம். ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. வெறும் சாவி.

— தலைக்கு மேல போன பந்தைக்கூடப் பார்க்கலையே அவன்! நின்ன இடத்துல அழுதான். நம்ம கோச் டில்மன் பெஞ்சுல உட்கார்ந்து, தொப்பியால மூஞ்சியை மூடிக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். எமெட்டு, நீ அன்னைக்கு ரெண்டு கொத்து கொண்டு வந்திருந்தே இல்ல?

— மூணு. சர்ச் சாவியும் சேர்த்து.

— கேளுங்க அக்கா, சர்ச் சாவியாம்! இதுதான்யா பக்தி. இப்ப பார், கோச் போய்ச் சேர்ந்துட்டார், பெஞ்சு மேல அவர் சட்டையைத் தொங்கவிட்டு ரெண்டு மணிக்கு மௌன அஞ்சலியாம். மௌனமா! இந்த வேலிக்கூட்டத்துக்கு வாயைக் கத்துக்கொடுத்தவருக்கு!

— வெள்ளிக்கிழமையானா டாண்ணு வந்து நிப்பார், பாவம். கையில வேகவெச்ச வேர்க்கடலைப் பொட்டலம். கடலைக்கு அடியில தாள். எதிராளிப் பசங்க ஒவ்வொருத்தனுக்கும் மூணு வரி. எவனுக்குத் திக்குவாய், எவன் காதலி எவன்கூடப் போனா, எவன் தம்பி குளத்துல செத்தான்...

— தம்பி விஷயத்தை நான் கத்தலை, அக்கா.

— கத்தலைதான், எமெட்டு கண்ணு. நீ நீச்சலடிக்கற மாதிரி கையை ஆட்டிக் காமிச்சே. சரி சரி, கறியைப் பாரு, ஒரு பக்கம் கரிக்கட்டையாகுது. காலைலேர்ந்து கண்ணு அடுப்புல இல்ல. எதிராளி பெஞ்சையே முறைச்சுக்கிட்டிருக்கே.

— வெஸ்லி அங்கே இருக்கான்.

— யாரு, உன் மகனா? ஆர்கன்சாஸ்காரங்களோடயா?

— துணைக் கோச்சா வந்திருக்கான். அவன் என்கூடப் பேசிப் பதினொரு வருஷம் ஆச்சு, ஹாய்ட்டு. அதோ, வாளியைத் தூக்கிட்டுப் போறான் பாரு, அவன்தான். முன் மண்டை வழுக்கை விழுந்திருக்கு.

— நான் பார்த்துட்டேன் கண்ணு. அந்த வழுக்கைக்கு ஒண்ணும் பண்ண முடியாது. முப்பது வருஷமா சலூன் வெச்சிருக்கவ சொல்றேன்.

— போய்ப் பேசேன்யா! நடுவுல ஆறா ஓடுது?

— என்னன்னு பேசறது? மெம்ஃபிஸ் ஆட்டத்துல நடந்ததை நீயும்தானே பார்த்தே.

— பார்க்காம? நம்ம டீமுக்கு செகண்ட் பேஸ்ல நிக்கறான் உன் மகன். பந்து அவன் பக்கம் வர்றப்பல்லாம் அங்கத்து வேலிக்கூட்டத்துல ஒருத்தன் குட்டி ஆர்கனை மடியில வெச்சுக்கிட்டு சர்ச் பாட்டு வாசிக்கறான். மத்தவன்லாம் "அம்மா எங்கே, ஆர்கன்காரன் எங்கே"ன்னு ராகம் போட்டுப் பாடறானுங்க. ஒரே இன்னிங்ஸ்ல மூணு பந்தைக் கோட்டை விட்டான். பாட்டு நல்லாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

— என் பொண்டாட்டி மார்லா சர்ச் ஆர்கன்காரனோட போனது ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது, ஹாய்ட்டு. தல்சா ஊர்ல அவ அக்காவுக்கு உடம்பு சரியில்ல, பார்த்துக்கப் போயிருக்கான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன். வெஸ்லிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்புறம் கோச் ரூம்ல ஒருநாள் உட்கார்ந்து அழுதேன், அவருக்குத் தெரியும். அவ்வளவுதான். அப்ப நான் குடிப்பேன் இல்லையா? போதையில எங்கேயோ நானே உளறிட்டேன். எந்தப் பார்ல, யார்கிட்டன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தாச்சு, பிடிபடலை. அன்னைக்கு ராத்திரியே பையன் பெட்டியைக் கட்டிட்டான். ஒரு வார்த்தை திட்டலை. திட்டியிருந்தாலாவது பரவாயில்ல.

— பார்லயா? அட அசடே! நீ எங்கேயும் உளறலை.

— என்ன சொல்றே?

— கோச் நமக்கு மட்டுமா தாள் கொடுத்தார்? நம்ம பசங்களைப் பத்தி எதிராளி வேலிக்கூட்டத்துக்கும் கொடுப்பார். எல்லாரைப் பத்தியும் இல்ல, பெரிய ஆட்டக்காரனா வருவான்னு தோணுற பையனுக்கு மட்டும். "இதைத் தாங்கினா எதையும் தாங்குவான்"னு சொல்லுவார். ஒரு விதத்துல உன் மகனுக்கு அது மரியாதை, தெரியுமா?

— கோச்சா?

— மெம்ஃபிஸ் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததே நான்தானேய்யா! திறந்து பார்க்கலை, சத்தியமா. கடலையைத்தான் கொஞ்சம் தின்னேன்.

— ஹாய்ட்டு...

— அடுப்புக் கம்பியைக் கீழே வை. எமெட்டு, வை அதை. ஆள் செத்தாச்சு, இப்ப கோபப்பட்டு என்ன ஆகப்போகுது?

— கோபமா! எனக்குக் கோபமே வரலை, ஹாய்ட்டு. இந்தா, கம்பியை வெச்சுட்டேன். பதினொரு வருஷமா என் வாயை நானே சபிச்சுக்கிட்டிருக்கேன். அப்ப நான் உளறலை! நீ வா. இப்பவே வா. அவன்கிட்ட இதைச் சொல்லு. நான் சொன்னா நம்பமாட்டான், செத்த ஆள் தலையில பழியைப் போடறேம்பான். நீ கொண்டுபோனவன், நீ சொன்னா நம்புவான்.

— நில்லு, நில்லு. கையை விடு. நான் பழைய வண்டி விக்கறவன். கோச்சோட சட்டை அங்கே தொங்கறப்பவே அவரைக் காட்டிக்கொடுத்தேன்னு இந்த வேலிக்குத் தெரிஞ்சா, என்கிட்ட எவன் வண்டி வாங்குவான்? சும்மா எவனாவது தன் மூக்கைத் தானே அறுத்துப்பானா?

— அடச்சீ. பிணம் மண்ணுக்குள்ள போகலை, இவன் விலை பேசறான்.

— விலைன்னு ஒண்ணு இருக்கறதாலதான் அக்கா பேச்சே நடக்குது. சொல்லு எமெட்டு.

— இந்த அடுப்பை எடுத்துக்கோ.

— அடுப்பு என்கிட்ட ரெண்டு கிடக்கு.

— வண்டி நிறுத்தற என் இடத்துல பாதி. நாலு சீசனுக்கு.

— பாதி இடத்துல பாதி வண்டியையா நிறுத்துவேன்? என் இடம் பத்தொன்பதாம் நம்பர், கக்கூஸ் வாசல்ல. பந்து வேலி தாண்டி ஹோம் ரன் விழுந்தாக்கூட சத்தத்தை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கறேன். உன்னுது ஒண்ணாம் நம்பர். மைதான எல்லைக் கம்பத்தடி. வேலியில சாஞ்சா பந்து வீசற பிட்சரோட வேர்வை தெரியும். முழுசாக் கொடு. இடத்து அட்டைக்குப் பின்னால கையெழுத்துப் போடு, கேட்டுல காமிச்சு மாத்திக்கறேன்.

— இருபத்தாறு வருஷமா என் வண்டி இங்கே நிக்குது, ஹாய்ட்டு. மார்லா போன மறுநாள்கூட இங்கேதான் வந்து நின்னேன்.

— அதனாலதான் கேக்கறேன். எவனும் நிக்காத இடத்தை நான் எதுக்குக் கேக்கப்போறேன்? உனக்கு மகன் வேணும், எனக்குக் கம்பம் வேணும். அவனைக் கூட்டிட்டு வா, என் பழைய இடத்துல அப்பனும் புள்ளையுமா நாற்காலி போட்டு உட்காருங்க. வாசம் கொஞ்சம் பழகணும்.

— பேனா இருக்கா?

— ஏய் எமெட்டு, இரு. யோசிச்சுப் பண்ணு, கண்ணு.

— யோசிக்க என்ன இருக்கு அக்கா? இந்தா. என் பேரு, தேதி. போதுமா?

— தேதிக்குக் கீழே இடத்து நம்பரையும் போடு. அப்புறம் தகராறு வரக்கூடாது பாரு... ஆ! பேரம் முடிஞ்சுது. நீ உன் வண்டியை எடு, நான் என் வண்டியைக் கொண்டுவந்து போட்டுட்டு வர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். எல்லாத்தையும் சொல்றேன், கடலை தின்னது உட்பட. அக்கா, என் வண்டிக்கு நாற்காலியெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைங்க.

— போ, போ. ஓடறதைப் பாரு, இந்த வயசுல... எமெட்டு. கறியை இறக்கிட்டு இப்படி உட்காரு.

— உட்கார நேரமில்ல, அக்கா. அவங்க பயிற்சி முடிக்கறதுக்குள்ள போயிடணும். முடி சரியா இருக்கா? பின்னாடி தூக்கிட்டு நிக்குதா?

— நல்லாத்தான் இருக்கு. உட்காரு. ஹாய்ட்டு சாட்சி உனக்கு வேலைக்கு ஆகாது.

— ஏன்?

— வெஸ்லிக்கு அன்னைக்கே தெரியும். திரும்பி வர்ற பஸ்ல கோச்சே அவன் பக்கத்துல வந்து உட்கார்ந்து தோள்ல தட்டிச் சொல்லியிருக்கார். "தாளை நான்தான் அனுப்பினேன், உங்கப்பா என்கிட்ட மட்டும்தான் சொன்னார், நீ இன்னும் பழகணும்"னு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போன் பண்ணுவான். என் சலூனுக்கு.

— பதினொரு வருஷமாவா? நீங்க... என்கிட்ட ஏன் சொல்லலை?

— சொல்லியிருந்தா நீ கோச்சையும் இந்த வேலியையும் விட்டுட்டுக் கிளம்பியிருப்பே. என்னுது ரெண்டாம் நம்பர் இடம். உன் நிழல், உன் கறி, உன் ஐஸ் பெட்டி, எல்லாத்துக்கும் பழகிட்டேன். அடுத்து எவன் வந்து நிப்பானோ, என்ன பாட்டுப் போடுவானோ... இப்ப நீயே கையெழுத்துப் போட்டாச்சு. இனி சொன்னா எனக்கென்ன நஷ்டம்?

— இருங்க. கோச்தான்னு தெரிஞ்சும் அவன் என்கூடப் பேசலையா? நான் உளறலைன்னு தெரிஞ்சுமா? அப்ப என் மேல என்ன கோபம்?

— நீ ஒரே ஆள்கிட்டதான் சொன்னே, எமெட்டு. ஒரே ஆள். யார்னு கண்டுபிடிக்க உனக்கு ஒரு வாரம் போதும்னு புள்ளை நினைச்சான். கண்டுபிடிச்சா அந்த ஆளோட வேலியில நீ நிக்க மாட்டேன்னு காத்திருந்தான். வருஷா வருஷம் சீசனோட முதல் ஆட்டத்தன்னைக்கு எனக்கு போன் வரும். என் சௌக்கியத்தைக் கேக்க மாட்டான், உன் சௌக்கியத்தையும் கேக்க மாட்டான். "அப்பா வண்டி இன்னும் அங்கேதான் நிக்குதா?" அவ்வளவுதான் கேப்பான்.